கார் கண்ணாடியில் போகாத வெள்ளைக் கறை: ஆசிட் போடுவதற்கு முன்

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. சோழிங்கநல்லூர் பக்கம் அடுக்ககம், ஆறு வருடப் பழைய கார், மேலே கூரையில்லாத பார்க்கிங். கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ஷாம்பு, செய்தித்தாள், வினிகர் என்று எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டீர்கள், போகவில்லை. மழை இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணாடி முழுக்க இழுபட்டுத் தெரிகிறது. வண்டி கழுவுகிறவர், "டாய்லெட் ஆசிட் போட்டா ஒரே நிமிஷத்துல போயிடும் சார்" என்கிறார். போடலாமா?

ஆசிட்டுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். டாய்லெட் கழுவும் திரவத்தில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், பெரும்பாலும் 10 சதவீதம் அளவில். அது சுண்ணாம்பைக் கரைக்கும் என்பது உண்மைதான், கண்ணாடியையும் அது ஒன்றும் செய்யாது. ஆனால் முன்கண்ணாடியில் ஊற்றியது அங்கேயே நிற்பதில்லை. வழிந்து வைப்பர் கைக்கும், பானட் ஓரத்துக்கும், கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டுக்குள்ளும் போகிறது. குரோம் பட்டை மங்கும், அலுமினியம் அரிக்கும், உள்ளே தங்கிய ஆவி இரும்பில் துருவைக் கிளப்பும். கழுவிய அன்று ஒன்றும் தெரியாது, சில மாதம் கழித்துத்தான் தெரியும். அதைவிட மோசமானது, உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாமல் பாட்டிலில் வரும் சில 'உப்புக் கறை நீக்கி'கள். அவற்றில் சிலவற்றில் புளோரைடு சேர்ந்த அமிலம் இருக்கும். அது கண்ணாடியையே தின்னும். தோலில் பட்டால் உடனே எரியாமல் உள்ளே இறங்கி எலும்பு வரை போகக்கூடியது. சேர்மானம் எழுதாத எதையும் வாங்காதீர்கள். இன்னொன்று, எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் கலந்துவிடக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். வாட்ச்மேன் அறையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருப்பதால் சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உங்கள் கண்ணாடியில் இருப்பது ஒரு அழுக்கு இல்லை, இரண்டு. வெள்ளைப் புள்ளிகள் போர் தண்ணீர் விட்டுப்போன சுண்ணாம்பு. இரவில் விளக்கை இழுப்பது எண்ணெய்ப் படலம். லாரி, பஸ் புகையின் கரி, ரோட்டில் சிந்திய ஆயில் மழையில் தெறித்தது, டயர் தூள், ஷாம்புவில் பளபளப்புக்காகச் சேர்க்கும் மெழுகு, டயருக்கு அடிக்கும் சிலிக்கான் பாலிஷ் என்று எல்லாம் சேர்ந்து, கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். சுண்ணாம்பு அமிலத்தில் கரையும், சோப்பில் கரையாது. எண்ணெய் சோப்பிலும் ஆல்கஹாலிலும் போகும், அமிலத்துக்கு அசையாது. உங்கள் கண்ணாடியில் சுண்ணாம்பு கீழே, எண்ணெய் மேலே. நீங்கள் தெளித்த வினிகர் எண்ணெயைத் தாண்டி சுண்ணாம்பைத் தொடவே இல்லை. தொட்ட இடத்திலும் உடனே துடைத்திருப்பீர்கள், வேலை செய்ய நேரம் கிடைத்திருக்காது. வினிகரால் போகாது என்று பலர் முடிவுகட்டுவது இப்படித்தான். எது எது எங்கே இருக்கிறது என்று பார்த்து, வரிசையாக எடுத்தால் பெரும்பாலான கண்ணாடி தெளிந்துவிடும்.

இந்த வெள்ளைப் புள்ளி எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நிலத்தடி நீரில் கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட்டாகக் கரைந்து கிடக்கும். தண்ணீர் காயும்போது கரியமில வாயு வெளியேறி, கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு, கண்ணாடியில் தங்கிவிடும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 10500) கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது. வேறு வழியில்லை என்றால் 600 வரை போகலாம் என்கிறது. பழைய மகாபலிபுரம் சாலை நெடுகப் பல அடுக்ககங்களின் போரும், டேங்கர் லாரித் தண்ணீரும் இதைச் சாதாரணமாகத் தாண்டும். குழாய் முனையில் வெள்ளைக் கட்டி படிகிறதா, வாளியின் உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதே தண்ணீர்தான் வண்டியிலும் காய்கிறது.

ஒரு புள்ளியை வெயிலில் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். முழு வட்டமாக வெளுத்திருக்காது. ஓரம் தடிப்பாக, நடுவில் ஏறக்குறைய தெளிவாக, ஒரு மோதிரம் போல இருக்கும். துளி காயும்போது ஓரம்தான் முதலில் காய்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் ஓரத்தை நோக்கி ஓடி, கரைந்ததையெல்லாம் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அடுத்த முறை கழுவும்போது அதன் மேல் இன்னொரு மோதிரம். இப்படி மாதக்கணக்கில் ஒன்றின் மேல் ஒன்று. போர் தண்ணீரில் சிலிக்காவும் கொஞ்சம் இருக்கும். அது சுண்ணாம்போடு சேர்ந்து இறங்கி, கண்ணாடியோடு இறுகப் பற்றிக்கொள்ளும், ஏனென்றால் கண்ணாடியே பெரும்பகுதி சிலிக்காதான். புதுப் புள்ளி வினிகரில் சட்டென்று போவதும், இரண்டு வருடப் புள்ளி பிடிவாதம் பிடிப்பதும் இதனால்தான்.

இங்கே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வீட்டு ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்து வண்டி கழுவுகிறார்களா? பல அடுக்ககங்களில் இது நல்ல பழக்கம் என்று நினைத்துச் செய்கிறார்கள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற அக்கறை சரிதான். ஆனால் ஆர்ஓ மெஷின் நல்ல தண்ணீரை நமக்குக் கொடுத்துவிட்டு, அதிலிருந்து எடுத்த உப்பையெல்லாம் இந்தக் கழிவில்தான் தள்ளுகிறது. உள்ளே போன தண்ணீரைவிட வெளியே வரும் கழிவில் உப்பு அதிகம். வராந்தா துடைக்க, டாய்லெட்டில் ஊற்ற அதை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு அதைவிடக் கெட்ட தண்ணீர் கிடையாது.

இப்போது சோதனை. காலையில் வெயில் ஏறுவதற்கு முன், நிழலில், கண்ணாடி கையில் குளிர்ச்சியாக இருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். சூடான கண்ணாடியில் எதைப் போட்டாலும் வேலை செய்வதற்குள் காய்ந்துவிடும். மத்தியான வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால், ஏற்கெனவே கல் தெறித்து விழுந்த சின்னப் பொட்டு நீண்ட விரிசலாக ஓடும் ஆபத்தும் இருக்கிறது. முதலில் நிறையத் தண்ணீர் விட்டு மண்ணை இறக்கிவிடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. ஒன்றிலிருந்து பத்து வரை போகும் கடின அளவுகோலில் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7, கண்ணாடி ஐந்தரையிலிருந்து 6, சுண்ணாம்பு 3. அதாவது நாம் எடுக்கப் பார்க்கும் சுண்ணாம்பு கண்ணாடியைவிட மென்மை. துணிக்கு அடியில் மாட்டும் மணல் கண்ணாடியைவிடக் கடினம். காய்ந்த தூசியைக் காய்ந்த துணியால் தட்டித் துடைக்கும் பழக்கம்தான் எந்தக் கறையையும்விட அதிகக் கீறலை உண்டாக்குகிறது.

ஷாம்பு போட்டு அலசிய பிறகு, கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஒரே விரிப்பாக இறங்கினால் எண்ணெய் இல்லை. தீவுத் தீவாகப் பிரிந்து, நடுவில் காய்ந்த திட்டுகள் விட்டு இறங்கினால் எண்ணெய்ப் படலம் இருக்கிறது. (மழைநீர் வழுக்கும் கோட்டிங் அடித்த கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாக உருளும், அது வேறு.) பிறகு துடைத்துவிட்டு, ஒரு வெள்ளைப் புள்ளியின் மேல் விரல் நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் சுண்ணாம்பு கண்ணாடிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்குப் புள்ளி தெரிகிறது, நகத்துக்கு ஒன்றும் தட்டவில்லை என்றால் கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கலாம். கடைசியாக, பயணி இருக்கைப் பக்கம் கீழ் மூலையில் ஒரு புள்ளியில் இரண்டு சொட்டு வினிகர் விட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். நுண்ணிய குமிழி வந்தாலோ புள்ளி மெலிந்தாலோ உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

முதல் வேலை எண்ணெய். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு ஸ்பூனை அரை வாளித் தண்ணீரில் கலந்து, சுத்தமான ஸ்பாஞ்சால் கண்ணாடியை மட்டும் கழுவுங்கள். பெயின்டில் இதைப் போட வேண்டாம், மெழுகை உரித்துவிடும். நன்றாக அலசிவிட்டு, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கொஞ்சம் மைக்ரோஃபைபர் துணியில் எடுத்து, கண்ணாடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் துடையுங்கள். துணியை அடிக்கடி மடித்துப் புதுப் பக்கத்தைக் காட்டுங்கள். மடிக்காமல் ஒரே பக்கத்தால் துடைத்தால் எடுத்த எண்ணெயைத் திரும்ப அங்கேயே பூசுகிறீர்கள். முதல் முறை துணி கறுத்து வரும். மறுபடி செம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், விரிப்பாக இறங்கும் வரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். மண்ணெண்ணெய், டீசல் வேண்டவே வேண்டாம். அவை பழைய பிசுக்கை எடுத்துவிட்டுத் தங்கள் பிசுக்கை விட்டுப் போகும். தின்னர் ரப்பரையும் பெயின்டையும் கெடுக்கும்.

அடுத்தது சுண்ணாம்பு. இதற்கு வினிகரைவிட எனக்குப் பிடித்தது எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். மளிகைக் கடையில், நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்தால் போதும். வினிகரின் வாடை இல்லை, வேலையும் சமம். வினிகர்தான் கையில் இருக்கிறது என்றால் வெள்ளை வினிகரைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே பயன்படுத்துங்கள், அதில் அமிலம் 4 சதவீதம் அளவில்தான் இருக்கும். எலுமிச்சம்பழத்தை வெட்டித் தேய்ப்பதும் இதே வேலைதான், ஆனால் சக்கையும் பிசுக்கும் ஒட்டும்.

இதில் முக்கியமானது தேய்ப்பது இல்லை, ஊற வைப்பது. பழைய பருத்தித் துணியையோ டிஷ்யூ பேப்பரையோ கரைசலில் நனைத்து, கண்ணாடியில் ஒட்டினாற்போல் விரித்துவிடுங்கள். பத்து, பதினைந்து நிமிடம். காய்ந்து வருகிற இடத்தில் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருங்கள். பானட் ஓரத்தில் ஒரு ஈரத் துண்டைப் போட்டு வைத்தால் வழிவது பெயின்டில் படாது. பிறகு துணியை எடுத்து, அதே கரைசலில் நனைத்த ஸ்பாஞ்சால் வட்டமாகத் தேயுங்கள். தொடக்கத்தில் கைக்குச் சொரசொரவென்று இருக்கும் கண்ணாடி, கொஞ்ச நேரத்தில் வழுக்க ஆரம்பிக்கும். அந்த மாற்றம் விரலுக்கே தெரியும். கண்ணால் பார்ப்பதைவிட அதை நம்புங்கள், ஏனென்றால் ஈரக் கண்ணாடியில் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசி, காய்ந்த பிறகு பாருங்கள். கால்வாசி மிச்சம் இருந்தால் இன்னொரு சுற்று. ஒரே நாளில் முழுக் காரையும் முடிக்க நினைக்காமல் ஒரு கண்ணாடியை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது.

இரண்டு சுற்றுக்கும் அசையாதவை சில இருக்கும். ஜிப்சம் சேர்ந்த படிவு, சிலிக்கா, காய்ந்த பெயின்ட் துளி, மரப் பிசின் போன்றவை. இவற்றுக்கு க்ளே பார் என்று காருக்கென்றே விற்கும் களிமண் கட்டி நல்ல தொடக்கம். சோப்புத் தண்ணீர் தெளித்து, அழுத்தாமல், முன்னும் பின்னும் நழுவ விட வேண்டும். ஒட்டியிருப்பதை அது பிடுங்கி எடுத்துக்கொள்ளும். கீழே விழுந்தால் அந்தக் கட்டியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், மண் ஏறிய க்ளே அரம்தான். அடுத்து, '0000' என்று போட்டிருக்கும் மிக நுண்ணிய ஸ்டீல் வுல். சமையலறைக் கம்பி நார் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் கண்ணாடி போயிற்று. ஈரத்தில், சோப்போடு, லேசான கையால், முதலில் ஒரு மூலையில் சோதித்துவிட்டு. முடிந்ததும் உதிர்ந்த தூளை முழுக்க அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் ரப்பர் ஓரத்தில் தங்கித் துருப்பிடிக்கும்.

பிளேடு பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் சொல்ல வேண்டும். பெயின்ட் துளி, காய்ந்த சிமென்ட் தெறிப்பு, பழைய ஸ்டிக்கர் ஆகியவற்றுக்குப் புது பிளேடு போல வேறு எதுவும் வேலை செய்யாது. கண்ணாடி சோப்பில் நனைந்திருக்க வேண்டும், பிளேடு படுத்தாற்போல் 30 டிகிரி அளவில் சாய்ந்திருக்க வேண்டும், முன்னோக்கி மட்டும் தள்ள வேண்டும், பின்னோக்கி இழுக்கக் கூடாது. இது முன்கண்ணாடிக்கு. பக்கக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் வேறு வகை. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. பக்கத்தில் இருப்பது சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து உறுதியாக்கியது. அந்தச் சூட்டில் நுண்ணிய கண்ணாடித் துகள்கள் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிளேடு அவற்றைப் பெயர்த்து இழுத்துக்கொண்டு போனால் நீளமான கீறல் விழும். அதனால் அங்கே பிளேடு வேண்டாம். பின்கண்ணாடியின் உள்பக்கத்தில் பனி நீக்கும் மெல்லிய கோடுகள் ஓடும். அங்கே பிளேடு, ஸ்டீல் வுல், க்ளே எதுவும் கூடாது. கோட்டின் போக்கிலேயே, கிடைமட்டமாக, மென் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நகத்துக்குத் தட்டாத புள்ளி மிஞ்சினால், அது கண்ணாடி அரிபட்டதன் தடம். இதற்கு எந்த ரசாயனமும் இல்லை. கரைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை, பள்ளம்தான் இருக்கிறது. சுற்றியுள்ள கண்ணாடியை அந்தப் பள்ளத்தின் அளவுக்கு மெருகேற்றித்தான் எடுக்க வேண்டும். அதற்கு சீரியம் ஆக்சைடு என்ற பொடி இருக்கிறது, லென்ஸ் மெருகேற்றுபவர்கள் பயன்படுத்துவது. தண்ணீரில் மோர் பதத்துக்குக் கரைத்து, ஃபெல்ட் துணிக் கட்டையால் ஈரம் காயாமல் தேய்க்க வேண்டும். சுற்றியுள்ள ரப்பரை டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள், அதன் வெள்ளை ரப்பரில் ஏறினால் லேசில் போகாது. லேசான தடத்துக்கு இது அழகாக வேலை செய்யும், ஆனால் பொறுமை வேண்டும். மெஷினில் போட்டு ஒரே இடத்தில் நிறுத்திப் பிடித்தால் கண்ணாடி சூடேறி விரிசல் விழலாம். ஆழமான கீறலை ஓட்டுநர் கண்ணுக்கு நேரே தேய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள். கீறல் போகும், ஆனால் அந்த இடம் குழிந்து லென்ஸ் போல ரோட்டை வளைத்துக் காட்டும். கீறலோடு ஓட்டுவதைவிட அது மோசம்.

அடித்தளப் பார்க்கிங்கில் கான்கிரீட் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் இந்த விஷயத்தில் தனி வகை. சாதாரண உப்புத் தண்ணீரைப் போல அது சும்மா படிவதில்லை. சிமென்ட்டின் காரத்தைச் சுமந்து வருகிறது, காரம் கண்ணாடியை அரிக்கும். பானட்டிலோ கண்ணாடியிலோ வரிசையாக வெள்ளைச் சொட்டுகள் கண்டால் அன்றைக்கே எலுமிச்சை உப்புக் கரைசல் போட்டு எடுத்துவிட்டு, வண்டியை அந்த இடத்திலிருந்து மாற்றுங்கள். இதை வாரக்கணக்கில் விட்டால் மேலே சொன்ன சீரியம் வேலையில்தான் போய் நிற்கும். கடல் காற்றின் உப்பு இதற்கு நேரெதிர். பெசன்ட் நகரிலோ தூத்துக்குடியிலோ நிறுத்தும் வண்டியில் படியும் மங்கல் வெறும் தண்ணீரிலேயே கரைந்துவிடும். துடைக்காமல் அலசினாலே போதும்.

மரத்தடிக்கும் ஒரு வார்த்தை. மாமரம் பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி விடும் தேன்போன்ற கசிவு கீழே நிற்கும் வண்டி முழுக்கப் பிசுபிசுக்கும். அது சர்க்கரைதான், வெதுவெதுப்பான தண்ணீரில் கரையும், ஆனால் விட்டுவைத்தால் கரும்பூஞ்சை பிடிக்கும். வேப்பம்பிசினுக்கு ஆல்கஹால் நனைத்த பஞ்சை ஒட்டி வைத்து, இளகியதும் எடுங்கள். காக்கை எச்சத்தை ஈரத் துணி போட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்துத் தூக்கி எடுங்கள். இரவில் மதுராந்தகம் ஏரி ஓரம் போய்வந்த முன்கண்ணாடியில் அறையும் பூச்சிக்கும் அதே ஈரத் துணிதான். ஆயுத பூஜை முடிந்ததும் கண்ணாடியில் வைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் காய்ந்த கையால் சுரண்டாமல் நனைத்து எடுங்கள். வாழைக்கன்று கட்டியிருந்தால் அதன் கறை கண்ணாடியில் போய்விடும், பெயின்டில் போகாது. அதனால் கட்டும்போதே தண்டு வெட்டிய இடத்தில் பிளாஸ்டிக் பை சுற்றிவிடுங்கள். பழைய ஃபாஸ்டேக் ஸ்டிக்கரின் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி விட்டு, பழைய பிளாஸ்டிக் அட்டையால் தள்ளி, ஆல்கஹாலில் எண்ணெயைத் துடைத்துவிடலாம்.

இப்போது உள்பக்கம். மழை இரவில் விளக்கு இழுபடுவதில் பாதிக் குற்றம் உள்ளே இருக்கிறது, பெரும்பாலானவர்கள் அதைத் தொடுவதே இல்லை. வெயிலில் நிற்கும் காரில் டாஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகிற பொருள்கள் கண்ணாடியின் உள்பக்கத்தில் மெல்லிய பால் படலமாகப் படியும். டாஷ்போர்டுக்கு எண்ணெய்ப் பளபளப்புள்ள பாலிஷ் அடித்தால் இன்னும் வேகமாக. முன்கண்ணாடி குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. ஆனால் இந்தப் படலம் வெளிச்சத்தைக் குறைப்பதில்லை, சிதறடிக்கிறது. பகலில் தெரியாது. எதிர் விளக்கு ஒன்று வந்ததும் முழுக் கண்ணாடியும் வெளுத்து, ரோடு கடக்கிறவர் மறைந்துபோவார். ஆளைக் கொல்லக்கூடிய அழுக்கு என்று நான் நினைப்பது இதைத்தான், வெள்ளைப் புள்ளியை இல்லை.

இதற்கு ஆல்கஹாலும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து, துணியில் தெளித்து (கண்ணாடியில் தெளித்தால் டாஷ்போர்டில் சொட்டும்), துடைத்து, உடனே காய்ந்த துணியால் இன்னொரு முறை. கதவுகளைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முன்கண்ணாடியின் அடிமூலைக்குக் கை போகாது. துணியை உள்ளங்கையில் வைத்து, கையை மேலே பார்க்கத் திருப்பி, புறங்கை டாஷ்போர்டில் உரசுமாறு தள்ளினால் போகும். உள்பக்கம் மேலும் கீழுமாக, வெளிப்பக்கம் இடமும் வலமுமாகத் துடைத்தால், கோடு மிஞ்சும்போது அது எந்தப் பக்கம் என்று உடனே தெரிந்துவிடும். ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியில் அம்மோனியா கலந்த கிளீனர் வேண்டாம், ஃபிலிம் மங்கிச் சுருங்கும். நடுவில் இருக்கும் ரியர்வியூ மிரருக்குப் பின்னால் கேமராவோ மழை சென்சாரோ இருந்தால் அதன் மூடியைக் கழற்றாதீர்கள். வெளிப்பக்கம் அந்த இடத்தைச் சுத்தமாக வைத்தாலே போதும்.

செய்தித்தாள் கேட்டிருந்தீர்கள். கண்ணாடி ஏற்கெனவே சுத்தமாக இருந்தால் கடைசி மெருகுக்கு அது சரி. கறை எடுக்க உதவாது, ஈரத்தில் மை ரப்பரில் ஏறும். மைக்ரோஃபைபர் இருக்கும்போது தேவையில்லை. அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள், துணியை மென்மையாக்கும் கம்ஃபோர்ட் வகைத் திரவம் போடாமல். போட்டால் துணியின் இழையில் படலம் ஏறி, அடுத்த முறை கண்ணாடியில் அதைத்தான் பூசும்.

பக்கக் கண்ணாடியில் எல்லோரும் விட்டுவிடும் ஓர் இடம் உண்டு. கண்ணாடியை இரண்டு விரல் அளவு கீழே இறக்கிப் பாருங்கள். மேல் விளிம்பில் கறுப்பாக ஒரு கோடு இருக்கும். ரப்பருக்குள் ஒளிந்திருந்த அழுக்கு அது. அதைத் துடைத்துவிட்டு, கதவோரம் கண்ணாடி இறங்கும் ரப்பர் பீடிங்கின் உள்ளுதட்டை ஈரத் துணி சுற்றிய விரலால் ஓட்டி எடுங்கள். அங்கே தங்கிய மணல்தான் ஒவ்வொரு முறை கண்ணாடி ஏறி இறங்கும்போதும் செங்குத்தான மெல்லிய கீறல்களைப் போடுகிறது.

வைப்பரைக் கவனிக்காமல் முன்கண்ணாடியைச் சுத்தம் செய்வதில் பயனில்லை. கையைத் தூக்கி, ரப்பரின் விளிம்பை ஆல்கஹால் நனைத்த துணியால் நீளவாக்கில் இழுங்கள். துணியில் கறுப்புக் கோடு விழாத வரை இழுங்கள். அந்தக் கறுப்பில் பாதி எண்ணெய், பாதி மணல். விளிம்பு கூர்மையாக இல்லாமல் உருண்டோ கிழிந்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். நம் கோடை வெயிலில் ரப்பர் இறுகிவிடும் என்பதால், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பரில், வருடம் ஒரு முறை புது ரப்பர் போடுவது நல்ல கணக்கு. காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டவே கூடாது. வைப்பருக்குத் தெளிக்கும் தண்ணீர்த் தொட்டியில் போர் தண்ணீர் ஊற்றினால் முனைத் துளை அடைக்கும், தெளிக்கும் ஒவ்வொரு முறையும் புதுப் புள்ளிகளை நீங்களே போடுவீர்கள். பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள், கொஞ்சம் கண்ணாடி வாஷர் திரவம் சேர்த்து.

இத்தனையும் செய்துவிட்டு மறுபடி போர் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் இரண்டு மாதத்தில் பழைய நிலைதான். முழுக் கழுவலுக்கும் நல்ல தண்ணீர் வேண்டியதில்லை, கடைசி வாளி மட்டும் நல்லதாக இருந்தால் போதும். மெட்ரோ தண்ணீர் வந்தால் அது. இல்லையென்றால் உங்கள் வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது என்பதால் அதில் உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. சென்னையின் புழுக்கத்தில் ஒரு இரவுக்குச் சில லிட்டர் சேர்ந்துவிடும். துணியில் வடிகட்டிவிட்டுக் கண்ணாடிகளின் மேல் மட்டும் கடைசியாக ஊற்றி, காய விடாமல் துடைத்துவிடுங்கள். வண்டி கழுவுகிறவரிடம் இதைச் சொல்லிக் கொடுங்கள். பெரும்பாலும் அவர் விடியற்காலையில் பத்து வண்டியை முடிக்க ஓடுகிறார், துடைக்காமல் விடுவது சோம்பலால் இல்லை. தனியாக இரண்டு துணி வாங்கிக் கொடுத்து, "கண்ணாடியை மட்டும் கடைசியில துடைச்சிடுங்கண்ணா" என்றால் செய்வார்.

மழைநீர் வழுக்கும் கோட்டிங் போடலாமா என்றும் மனதில் இருக்கும். பக்கக் கண்ணாடிக்கும் வெளியே இருக்கும் சைடு மிரருக்கும் தாராளமாகப் போடுங்கள், புள்ளி படிவதும் குறையும், படிந்ததும் எளிதாகப் போகும். முன்கண்ணாடியில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. வைப்பர் ஓட ஓடத் திட்டுத் திட்டாகத் தேய்ந்து, சில மாதத்தில் வைப்பர் தடதடவென்று குதிக்க ஆரம்பிக்கும். போடுவதானால் கண்ணாடியில் கறை முழுக்க எடுத்த பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் கறையை உள்ளே வைத்துப் பூசியதாகும்.

இவ்வளவுக்கும் பிறகு ஓட்டுநர் கண் மட்டத்தில் அரித்த தடமோ வைப்பர் போட்ட வில் கீறலோ மிஞ்சி, இரவில் அதுவே கண்ணை உறுத்தினால், கண்ணாடியை மாற்றுவதுதான் வழி. முழுக் காப்பீடு இருந்தும் தேய்மானம், கீறல் என்ற கணக்கில் பணம் கிடைக்காது, உடைந்தால்தான் கிடைக்கும். உடைந்த கண்ணாடிக்கு வண்டியின் வயதுக்காகத் தேய்மானக் கழிவு பிடிப்பதில்லை. ஆனால் 1,500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் உங்கள் பங்காகப் போகும், நோ கிளெய்ம் போனஸும் அடிபடலாம். மாற்றும்போது உள்ளே கேமரா உள்ள வண்டியாக இருந்தால், புதுக் கண்ணாடி போட்டதும் கேமராவை மறுபடி அளவு சரிபார்த்துத் தருவார்களா என்று வேலையைக் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்டும் பசை இறுக எத்தனை மணி நேரம் ஆகும், அதுவரை வண்டியை எடுக்கலாமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.